ருவைஸ் கேம்பில் ஒரு தீர்க்கதரிசி

வெந்நீர் நிரப்பிய செம்பால் கழுத்து டையை அழுத்தித் தேய்த்துக் கட்டி முடித்ததும், கட்டிலுக்குக் கீழே கிடக்கும் தகரப்பெட்டியை இழுத்து அதன்மேல் ஏறி நிற்பார் ஆனந்தராசா. அந்த நொடியிலிருந்து அவர் வளைகுடாவின் ருவைஸ் எண்ணெய் ஆலையின் ஸ்டோர் கீப்பர் அல்ல, தீர்க்கதரிசி. வெள்ளிக்கிழமைதோறும் காலையில் இது நடக்கும். சபையில் இரண்டு பேர். அச்சுவேலி மகேசன் நன்றாகத் தூங்குவார். ராமநாதபுரத்து ரெங்கராஜ் முருக பக்தர். பிரசங்கத்துக்குப் பின் கிடைக்கும் மீன் குழம்புக்காக எந்த வேதத்தையும் பொறுமையாகக் கேட்பார்.

ஆலையில் வேலை பார்த்த அமெரிக்க எஞ்சினியர் ஒருவர் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையைப் பற்றி ஆனந்தராசாவுக்குச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பெரியவர்கள் பல தாரம் கட்டினார்கள், பிறகு சபை அதை விட்டுவிட்டது என்றும் சொன்னார். ஆனந்தராசா பிடித்துக்கொண்டது, அவர்கள் விட்டதைத்தான்.

“கடவுள் சொன்னதை ஆர் மாத்திறது? அதைக் கைவிட்ட ஆக்கள்தான் பிழை விட்டவை.”

எஞ்சினியர் நாடு திரும்பியபின், பழைய முறை பிசகாத சபையொன்றைத் தாமே தொடங்கினார். தேநீருக்குத் தடை. பாலும் சீனியும் போட்டு, தேயிலையை மட்டும் விலக்கிக் குடிப்பார். “ருசியிலை ஒரு வித்தியாசமும் இல்லை” என்பார், முகத்தைச் சுளித்தபடி.

1985இல் ஒரு வெள்ளியன்று பெட்டிமேல் நின்று அறிவித்தார்: “எனக்கு வெளிப்பாடு வந்தது. ரெண்டாந்தாரம் கட்டச் சொல்லி.”

மகேசன் விழித்துக்கொண்டார்.

“பொண்ணு யாருண்ணே?” என்றார் ரெங்கராஜ்.

“கமலேஸ்வரி.”

அபுதாபியில் ஒரு வீட்டில் பிள்ளை பார்ப்பவர் கமலேஸ்வரி. கடவுள் இந்தச் செய்தியை அவருக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை.

“வீட்டுல அக்காட்ட கேட்டீகளா?”

“மூத்தவளின்ரை சம்மதம் வேணும். அதுவும் சட்டம்தான்.” தீர்க்கதரிசியின் குரல் சற்று இறங்கியது.

அவர் மனைவி சுந்தராம்பாளுக்கும் அபுதாபியில்தான் வேலை, ஒரு வீட்டில் சமையல். அடுத்த வெள்ளி பிரசங்கம் முடிந்து, வழக்கம்போலக் கம்பெனி பஸ்ஸில் போய், கடற்கரை பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். “இது என்ரை ஆசை இல்லை, சுந்தரம். கட்டளை.”

சுந்தராம்பாள் கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். “சரி. கட்டுங்கோ.”

“என்ன?”

“கட்டுங்கோ எண்டன். நல்ல பிள்ளை. உங்கடை முதுகுக்கு எண்ணெய் போட ஒருத்தி வேணும்தானே. நானும் வெள்ளியிலை கொஞ்சம் நித்திரை கொள்ளலாம்.”

அழுகைக்கு ஒரு மறுமொழியும் சண்டைக்கு ஒரு மறுமொழியும் கொண்டு வந்திருந்தார். சம்மதத்துக்கு அவரிடம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தாம் இவ்வளவு லேசாகிவிட்டோமா என்று தோன்றியது.

“உமக்குக் கோவமில்லையோ?”

“கோவப்பட எனக்கு எங்கை நேரம்?”

“கொஞ்சமும்?”

அவள் அலைகளைப் பார்த்தபடி உரித்துக்கொண்டே இருந்தாள். உரித்ததில் ஒரு பருப்புக்கூட வாய்க்குப் போகவில்லை. எல்லாம் மடியில் குவிந்து கிடந்தன. ஆனந்தராசா அதை அப்போதுதான் கண்டார்.

“வெளிப்பாட்டை நான் பிழையா விளங்கிப்போட்டன் போலை கிடக்கு” என்றார் மெதுவாக.

வீதியில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. “யல்லா, யல்லா” என்று டிரைவர் அவசரப்படுத்தினான்.

“பஸ் நிக்குது. போங்கோ.”

அவர் எழவில்லை. இருவருக்கும் நடுவே இருந்த அவளுடைய கைப்பையைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டு, அது இருந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.