வளைத்து ஓட்டிப் பிடித்த அறக்குளா

நான் நெல் விளையும் ஊர்க்காரன். சவளக்கடையில், முழங்கால் சேற்றில் உழவு மெசின் பிடித்து வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். அப்படித்தான் கல்முனையில் போட் வைத்துத் தொழில் செய்யும் வீடொன்றுக்கு மாப்பிள்ளையாகப் போனேன். முதல் வருடம் எஞ்சின் மணமே குடலைப் பிரட்டியது. இரண்டாம் வருடம் தங்கூசி என்கிற நைலோன் தூண்டில் கயிறு விரல்களை அறுத்தது. மூன்றாம் வருடம் அறக்குளா மீன் பிடிக்கத் தெரிந்துவிட்டது என்று எனக்கு எண்ணம். வீட்டில் அதை நம்பியவள் என் மனைவி ஒருத்திதான்.

அவளுடைய தங்கைக்குச் சம்பந்தம் பேசி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் பகல் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அவர்களும் ஒலுவில் துறைமுகத்தில் போட் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஐஸ் மீனை ஆக்கிப் போட்டு ஏமாற்ற முடியாது. பெண்கள் கூடியிருந்து சமையலைப் பற்றிக் கதைத்தபோது என் மனைவி எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள்.

"அறக்குளா எங்கட ஆள் கொண்டருவார்."

மீன்பிடியில் கரை முழுக்கப் பேர் எடுத்த அவளுடைய காக்கா, மூத்த அண்ணன், கதவடியில்தான் நின்றார். அவர் சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. மீன் இல்லாமல் வந்தால் நான் பழையபடி வயல்காரன், அவ்வளவுதான். சொன்ன வாய்க்கு அவள்தான் காலம் முழுக்கப் பதில் சொல்ல வேண்டிவரும்.

விருந்து நாளன்று விடியப்புறம் சுபஹ் தொழுதுவிட்டு நானும் அவளுடைய காக்காவும், அதாவது என் மச்சானும், போட்டைத் தள்ளினோம். அறக்குளா ஓடுகிற இரையைத்தான் துரத்தும். அதனால் போட்டை ஓடவிட்டு, பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதன் பல்லுக்கு அறாத கம்பி, கம்பியில் தூண்டில், தூண்டிலை மறைத்து மினுங்கும் ரப்பர் மீன். வேகம் கூடினால் ரப்பர் மீன் தண்ணீருக்கு மேலே துள்ளும். குறைந்தால் செத்ததுபோல் தொங்கும். மச்சானின் ஓட்டம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். கரையிலுள்ள பள்ளிவாசல் மினாராவைக் குறி வைத்து, கடலடியில் மீன் கூடும் கல் கிடக்கும் இடத்துக்கு மேலால் தெற்கே ஒரு ஓட்டம், வடக்கே ஒரு ஓட்டம். திரும்புமுன் கயிறுகளை உள்ளே எடுத்துவிடுவார். சிக்கு என்றால் அவருக்கு ஆகாது.

ஒன்பது மணி வரைக்கும் தூண்டிலில் பாசிதான் கொழுவியது. பிறகு ஒரு மீன் இழுத்து, ஒரு கம்பியை முறித்துக்கொண்டு போனது. மச்சான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி புதுக் கம்பி முடிய உட்கார்ந்தார். எஞ்சின் பிடி என் கைக்கு வந்தது. தண்ணீரில் மிச்சம் ஒரு கயிறு.

நேரே போய்த் திரும்பும் பழக்கம் எனக்கு இல்லை. வரம்போரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவதுதான் நான் பழகிய உழவு. கை தன்பாட்டில் கல்லைச் சுற்றி வளைத்தது.

"மச்சான், இது கடல், வயல் இல்ல. கயிறு எஞ்சின் விசிறில சுத்தினா நீந்தித்தான் வீட்ட போகணும்."

"ஒரு சுத்துத்தான் மச்சான். பாப்பம்."

வளையும்போது கயிறு தளர்ந்து ரப்பர் மீன் ஆழத்துக்கு இறங்கியது. போட் நிமிர்ந்ததும் பயந்த மீன்போல் விருட்டென்று மேலேறியது. அதைக் கண்டதும் எனக்குப் புத்தி வேலை செய்தது. இரண்டாம் சுற்றைத் தெரிந்தேதான் எடுத்தேன், இன்னும் குறுக்கி. நிமிர்ந்த இடத்தில் கயிறு விறைத்தது.

மச்சான் பாய்ந்து வந்து எஞ்சினை வாங்கிக்கொண்டார். கயிற்றைத் தொடவில்லை.

"உங்கட மீன். நீங்களே எடுங்க."

அது ஓடினால் விட்டேன், நின்றால் இழுத்தேன். பக்கத்தில் வந்ததும் மச்சான் கொக்கியைப் போட்டுத் தூக்கினார். என் கையை நீட்டினால் விரல் நுனியிலிருந்து தோள் வரை வரும் மீன். அடுத்த சுற்றில் இன்னொன்று விழுந்தது. அந்தச் சுற்றை ஓட்டியவர் மச்சான். வளைத்துத்தான் ஓட்டினார்.

சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமை தலைக்கு ஏறிவிட்டது. பெரிய மீனைச் சாக்கில் போடாமல் கையில் தொங்கவிட்டு, வேண்டுமென்றே நீண்ட தெருவால் வீட்டுக்கு நடந்தேன். மச்சானும் மற்ற மீனைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

குசினி வாசலில் என் மனைவியின் உம்மா, மாமி, தலையில் கை வைத்தபடி நின்றார்.

"அல்ஹம்துலில்லாஹ், வந்திட்டீங்களா மகன். காலைல இருந்து எனக்கு உசிர் இல்ல. ரெண்டு கோழியாவது அறுத்து வெப்பம் எண்டன். உங்கட பொஞ்சாதி விடல்ல. மீன் வரும், மீன் வரும் எண்டு ஒரே கதை."

அப்போதுதான் உள்ளே அடுப்படியைப் பார்த்தேன். மிளகாய் அரைத்திருந்தது, தேங்காய்ப்பால் பிழிந்திருந்தது, வெங்காயம் அரிந்திருந்தது. பெரிய கறிச்சட்டி வெறுமையாக அடுப்பில் இருந்தது. இறைச்சி இல்லை. ஒரு முட்டைகூட அவிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் வர இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது. நான் கடலில் எடுத்த சுற்றெல்லாம் இவளுடைய துணிச்சலுக்குக் கிட்ட வராது.

அவள் மீனை இரண்டு கையாலும் வாங்கிப் பலகையில் கிடத்திவிட்டுக் கத்தியைத் தேடினாள்.

"சுணங்கிட்டீங்க," என்றாள். "நான் புளி கரைச்சு வெச்சு ஒரு மணித்தியாலம்."