தலைமாட்டில் நிற்பவள்

அவளை வார்டில் எல்லாரும் மைக்செட் என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் குரல். அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். அந்தத் தொண்டை அப்படியே மகளுக்கு வந்திருந்தது. தையல் வேலை செய்யும் அம்மாவுக்கு அதில்தான் கவலை. "குரலைக் குறைடி, வர்ற மாப்பிள்ளை பயந்து ஓடிடுவான்" என்பாளாம். "ஓடுறவன் ஓடட்டும்மா, துரத்த எனக்கு நேரமில்ல" என்பாளாம் இவள்.

பல்கலைக்கழக நர்சிங் கல்லூரியில் கடைசி ஆண்டு. படுத்த படுக்கையானவர்களின் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்தாள். நான் அங்கே நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தேன்.

அந்த வார்டில் பெரிய வேலை தூக்குவதுதான். கட்டிலில் சரிந்து கிடப்பவரை விரிப்போடு தூக்கி மேலே நகர்த்த நாலு பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் எண்ணுவார்: ஒன்று, இரண்டு, தூக்கு. மற்றவர்கள் அந்தக் குரலுக்குத்தான் கையை அசைக்க வேண்டும். பெரிய டாக்டரே வந்து பிடித்தாலும் விதி அதுதான். ஆனால் நடப்பது வேறு. ஆண் ஒருவர் கட்டில் பக்கம் வந்தால் போதும், தலைமாட்டில் நிற்கும் பெண் நகர்ந்து இடம் விடுவாள். யாரும் விரட்டுவதில்லை. கால் தானாக நகரும்.

மைக்செட் வந்ததுமே இதைக் கவனித்துவிட்டாள். "தலைமாட்டுல நின்னவ தூக்கி முடிக்கிற வரைக்கும் நகரக் கூடாது. தினம் ஒருத்தி நிக்கணும். குரல் இருக்குன்னு என்னையே தள்ளி விடாதீங்க" என்று தன் வகுப்புப் பெண்களிடம் சொன்னாள். முதலில் தலைமாட்டில் நிறுத்தியது, முணுமுணுப்பு என்று பட்டப்பெயர் வாங்கியிருந்தவளை. பெயரைக் கேட்டால் தன் சட்டைக் காலருக்குப் பதில் சொல்லும் பெண் அது. துணி அறையில் ஒரு மெத்தையைச் சுருட்டிப் போட்டு, அதைத் தூக்கிப் பழக்கினாள்.

"மெத்தைக்கே கேக்கலடி. மனுஷனுக்கு எப்படிக் கேக்கும்?"

"தொண்டை கட்டியிருக்கு."

"பொறந்ததிலிருந்தா?"

இப்படித் திட்டியும் சிரித்தும் ஒவ்வொருத்தியாக எண்ணப் பழகினார்கள். வார்டில் பெண்களின் குரல் கேட்க ஆரம்பித்தது.

பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் ஒரு விருது கொடுப்பார்கள். பெண்கள் தலைமைக்கு வர உழைத்த மாணவருக்கு. வகுப்பே சேர்ந்து மைக்செட்டின் பெயரைக் கொடுத்தது; தேர்வும் ஆகிவிட்டாள். விருதோடு நகரத்துப் பெரிய மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி இடம். அவள் ஆசைப்பட்டது அந்த இடத்துக்குத்தான். விருதுப் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விழாவுக்கு முந்தின வாரம் அது நடந்தது. பக்கவாதத்தில் விழுந்த பஸ் டிரைவர் ஒருவரைத் தூக்க வேண்டும். தலைமாட்டில் முணுமுணுப்பு. உதவிக்கு வந்த பயிற்சி டாக்டர் அவள் நகருவாள் என்று பார்த்தார். நகரவில்லை. அவர் கால்மாட்டில் போய் நின்றுகொண்டு அங்கிருந்தே தானும் எண்ணினார். இவள் "இரண்டு" என்னும்போது அவர் "தூக்கு" என்றார். பாதிப் பேர் தூக்கினோம், பாதிப் பேர் தூக்கவில்லை. டிரைவரின் முழங்கை கட்டில் கம்பியில் இடித்து வீங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஐஸ் வைத்தேன்.

"ஒரு வண்டிக்கு ரெண்டு ஸ்டியரிங்கா வெப்பீங்க?" என்று டிரைவர் குழறிக் குழறித் திட்டினார்.

முணுமுணுப்பு தப்பாக எண்ணினாள் என்று டாக்டர் புகார் கொடுத்துவிட்டார். மறுநாள் கல்லூரி முதல்வரம்மா வார்டுக்கே வந்து மைக்செட்டைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு தப்பா எண்ணிட்டான்னு சொல்லிடு. இந்த தினம்-ஒருத்தி ஏற்பாட்டையும் விட்டுடு. விருது உனக்குத்தான்."

"அவ சரியாத்தான் எண்ணினா மேடம்."

"எனக்குத் தெரியாதா? நானும் நர்சா இருந்தவதான். நாலு நாள் வாயை மூடிக்கிட்டு இரும்மா. மேடை ஏறினப்புறம் எவ்ளோ வேணா பேசு."

"அவ தலையில பழியைப் போட்டுட்டு, பெண்கள் தலைமைக்குன்னு நான் போய் வாங்கிட்டு வரணுமா? சிரிப்பாங்க மேடம்."

"யாருக்கும் தெரியாது."

"முணுமுணுப்புக்குத் தெரியும்."

முதல்வரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

விருது கைமாறியது. பெண் தலைமை என்ற தலைப்பில் ஓவியப் போட்டி நடத்திய ஒரு நர்சிங் மாணவனுக்குப் போயிற்று. பெரிய மருத்துவமனை இடமும் அவனோடு போயிற்று. மைக்செட்டின் அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அப்பா மட்டும், "கட்டுப்படியாகாத விலைன்னா கூடையைத் திருப்பி எடுத்துட்டு வர வேண்டியதுதான்" என்றாராம். அவள் அழுதாள். துணி அறையில், நானும் பார்த்தேன். முகம் கழுவிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள்.

விழா நடந்த அன்று மதியம் வகுப்பில் ஒருத்தியும் அரங்குக்குப் போகவில்லை. எல்லாரும் வார்டில் இருந்தார்கள். டிரைவர் மறுபடி சரிந்து கிடந்தார். முணுமுணுப்பு தலைமாட்டில், மைக்செட் கால்மாட்டில், இடுப்புக்கு ஒரு பக்கம் நான். மற்றவர்கள் வேறு கட்டில்களில் வேலையாக இருந்தார்கள்; மறுபக்கத்துக்கு ஆள் வேண்டும். அதே பயிற்சி டாக்டர் வந்தார். நேராகத் தலைமாட்டுக்குப் போய் முணுமுணுப்பின் தோளருகே நின்றார்.

அவள் நகரவில்லை. அவர் மைக்செட்டைப் பார்த்தார், சண்டைக்கு வருவாள் என்று. மைக்செட் உதட்டைக் கடித்துக்கொண்டு விரிப்பின் முனையைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"டாக்டர், நீங்க இடுப்புப் பக்கம் வாங்க" என்றாள் முணுமுணுப்பு. கதவுவரை கேட்டது. "நான் எண்ணுவேன். வேற யாரும் எண்ணக் கூடாது. இல்லேன்னா இங்க யாரும் தூக்க மாட்டோம்."

டிரைவர் கண்ணை உருட்டி டாக்டரைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்களருகே நின்ற வகுப்புப் பெண்களும் கை வேலையை நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் காது சிவக்க எனக்கு எதிரே வந்து விரிப்பைப் பிடித்தார்.

"ஒன்று. இரண்டு. தூக்கு."

டிரைவர் ஒரே சீராக மேலே போய்ச் சேர்ந்தார்.

"இறக்கு" என்றாள். இறக்கினோம். நான் தலையணையைச் சரி செய்தேன். முணுமுணுப்பு அதற்குள் அடுத்த கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், "டாக்டர், இங்கயும் ஆள் குறையுது" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.