அம்மாவுக்கு நன்றி சொன்னதுக்குப் பதினோரு மிஸ்டு கால்

நேத்து கம்பெனியில என்னை லைன் லீடர் ஆக்கினாங்க. பத்தாவதோட நிறுத்துன்னு வீடே சொன்னப்போ, என்னைக் கூட்டிக்கினு போய் காலேஜ்ல சேர்த்தது எங்கம்மாதான்.

நேர்ல சொல்ல வாய் வராது. இன்னைக்குக் காலையில ஷிஃப்டுக்குள்ள போறப்போ ஒரு மெசேஜ் போட்டேன். "நீ எனக்குச் செஞ்சதை மறக்க மாட்டேம்மா. ரொம்ப நன்றி." ப்ரமோஷனை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

போனை லாக்கர்ல வெச்சுப் பூட்டின பிறகுதான் உறைச்சது. தெலுங்குல அடிச்சிருக்கேன். எங்க ஊரு ஆந்திரா பார்டர், நான் படிச்சது தெலுங்கு மீடியம், கை தானா அங்கதான் போகுது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும்.

மதியம் வரைக்கும் வெளியே வர முடியாது. ஒரே ஸ்க்ரூவை ரெண்டு தடவை போட்டேன்.

லாக்கரைத் திறந்தா அம்மாகிட்டேர்ந்து பதினோரு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டேன்.

"தெலுங்குல வந்துச்சா, உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு கம்பெனிக்காரன் அனுப்பினான்னு நினைச்சேன்டி. தெலுங்கு படிக்கத் தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னு பால் சொசைட்டிக்கு ஓடினேன். எல்லார் எதிர்லயும் சத்தமா படிச்சாங்க."

"அப்புறம் என்ன பயம்?"

"அப்புறம்தான் பயமே. பெத்தவளுக்கு எவடி நன்றி சொல்லுவா? நிஜத்தைச் சொல்லு, எவன் கூடப் போய்க்கினு இருக்கே?"

ப்ரமோஷன்னு சொன்னேன். நம்பலை.

இப்போ கம்பெனி பஸ்ல வந்துக்கினு இருக்கேன். வரதய்யபாளையம் ஸ்டாப்புல அம்மாவும் மாமாவும் நிக்கறாங்களாம், நான் தனியா இறங்கறேனான்னு பார்க்க.

வீட்ல நன்றி சொல்லிட்டுத் தப்பிச்சவங்க யாராவது இருந்தா, நாலு ஸ்டாப்புக்குள்ள சொல்லுங்க.