நீலக் குழாய்த் தண்ணீர்

ஆறாம் வகுப்பில் எனக்கு மோசடிக்காரி என்று பேர் வாங்கிக் கொடுத்தது குவைத்தில் நாங்கள் இருந்த ஃபஹாஹீல் ஊர் வெயில். வெயிலை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, என்னைத்தான் லேபைவிட்டு வெளியே நிறுத்தினார்கள். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் வேதிவினையின் வேகம் பற்றிச் செய்துகாட்ட நான் தயாராகியிருந்தேன். நுரைத்துக் கரையும் மாத்திரையைக் குளிர்ந்த நீரில் ஒன்றும் சுடுநீரில் ஒன்றும் போட வேண்டும். சுடுநீரில் சீக்கிரம் கரையும். நுணுக்கிப் போட்டால் எதிலும் வேகம் கூடும். அம்மா எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வீட்டில் அவளே பார்த்துச் சரி சொல்லியிருந்தாள்.

கண்காட்சிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் லேபுக்கு வந்தவர், கோயம்புத்தூரிலிருந்து அந்த ஏப்ரலில்தான் வந்திறங்கிய அறிவியல் துறைத் தலைவி. தண்ணீர் பிடிக்கப் போனேன். குவைத்தில் மே மாதம் வந்தால் மொட்டைமாடித் தொட்டி அடுப்பில் வைத்த மாதிரி. குளிர்ந்த நீருக்கான நீலக் குழாயில் கை வைக்க முடியாது. அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரைச் சிவப்புக் குழாயில் பிடிப்போம். எல்லார் வீட்டிலும் அப்படித்தான், பள்ளியிலும் அப்படித்தான். நானும் பழக்கப்படி பச்சைத் தண்ணீரைச் சிவப்புக் குழாயிலும் சுடுநீரை நீலக் குழாயிலும் பிடித்தேன்.

நீலக் குழாயில் பிடித்த டம்ளரில்தான் மாத்திரை முதலில் கரைந்தது. மேடம் முகம் மாறியது.

“பச்சத் தண்ணில எப்படி முதல்ல கரையும்? நுணுக்கித்தான போட்ட?”

“இல்ல மேம், அதுதான் சுடு தண்ணி. தொட்டுப் பாருங்க.”

“எனக்கே சொல்லித் தர்றியா? அதிகப்பிரசங்கி!”

இரண்டு டம்ளரையும் சிங்க்குக்குள் கவிழ்த்தார். தொட்டே பார்க்கவில்லை!

அம்மாவை ஃபோனில் கூப்பிட்டார்கள். பட்டுக்கரைப் புடவை, கையில் ஃபைலோடு அவள் வந்ததைப் பார்த்ததும் எனக்கு யானை பலம் வந்தது. எனக்காகச் சண்டை போடத்தான் இப்படி உடுத்தி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மேடம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நேராகப் போய் நீலக் குழாயைத் திறந்து விரலை நீட்டினாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல் சிவந்ததை நான் பார்த்தேன்.

“சாரி மேடம்,” என்றாள். “நுணுக்கித்தான் போட்டிருப்பா. சின்னப் பொண்ணு, ஜெயிக்கணும்னு ஆசை.”

“அம்மா! கை சுட்டுச்சுல்ல? சொல்லும்மா!”

“வாயை மூடு.”

என் பேரை அடித்துவிட்டார்கள். அம்மாவோடு அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். விடுமுறை முடிந்ததும் அவள் அதே லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் பள்ளிப் பேருந்தில் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். நான் அவளைத் தாண்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவேன். எவ்வளவு கெஞ்சினாலும் திரும்பமாட்டேன்.

அப்பாவைக் கம்பெனியில் வேலையைவிட்டு நிறுத்திவிட்டதோ, இந்த வேலை கிடைக்காவிட்டால் நாங்கள் ஊருக்கு மூட்டை கட்டியிருப்போம் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. ஆளெடுக்கும் பொறுப்பு அந்த மேடத்திடமே இருந்ததும், அம்மா அன்று அவரிடம் இன்டர்வியூவுக்கென்றே உடுத்திக் கிளம்பியிருந்தபோதுதான் ஃபோன் போனது என்பதும் தெரியாது. என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திய பிறகு, வினையின் வேகத்தைக் கூட்டுபவை என்னென்ன என்று மேடம் கேட்டாராம். சிவந்த விரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, அம்மா முதலில் வெப்பநிலையைத்தான் சொன்னாளாம். ‘வெரி குட்’ என்றாராம் மேடம்.