அடையாற்று வேம்புக்கு ஒரு பாராட்டு விழா

காலை ஏழு மணிக்குக் கொட்டிவாக்கத்தில் ஆட்டோ பிடித்தேன். அடையாறு பக்கம்தான், இருநூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லை, ஏறிவிட்டேன். ஆற்றங்கரைத் தோப்பில் உள்ளூர் வரலாற்று நிகழ்ச்சி. அந்தத் தோப்பை வெட்டவிடாமல் காப்பாற்றிய முன்னாள் குடியரசுத் தலைவர் ஒருவருக்குப் பாராட்டு. பாராட்டு விழா என்றால் உட்கார்ந்து கொட்டாவி விடுவதுதான். தெரிந்தேதான் போனேன்.

ஏழரைக்கு வாசலில் ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், மஞ்சள் துணியும் தூக்குவாளியுமாகக் காவலாளியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

“பேர் குடுத்தவங்களுக்கு மட்டுந்தாம்மா.”

“இன்னா நைனா, நான் பொறந்ததே இந்தக் கரைலதான்!” என்றவர் என்னிடம் திரும்பினார். “ஆடி ஞாயித்துக்கெழம வேப்பமரத்து அம்மாவுக்கு மஞ்ச பூசணும் சார். பொண்ணுக்கு நாள் நெருங்கிக்கினு கீது. மொத ரெண்டும் தங்கல.”

“என்கூட வந்தவங்க,” என்று சொல்லி அழைத்துப்போனேன்.

பெயர் வள்ளி. கரையோரக் குடிசைகளை எடுத்துவிட்டு அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடிக்கு ஆடி இரண்டு பஸ் மாறி வருகிறாராம். மரத்தருகே போனதும் அப்படியே நின்றுவிட்டார். வருடக்கணக்காக ஏறிய மஞ்சளையும் குங்குமத்தையும் விழாவுக்காகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

“பட்டை மூச்சு விடணும்மா. ஒண்ணும் பூசக்கூடாது,” என்றார் அமைப்பாளர். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

பேச்சு, பேச்சு, மறுபடியும் பேச்சு. இந்தக் கரையில் வேர்விட்ட எதையும் பெயர்க்கக் கூடாது என்பதில் தலைவர் உறுதியாக இருந்தாராம். எல்லாரும் கைதட்டினார்கள். வள்ளி பக்கத்து நாற்காலியில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தையே பார்த்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒருவழியாக டீ வந்தது. கூட்டம் சமோசாவுக்கு வரிசை கட்டியது. நான் மரத்தின் முன்னால் குடையை விரித்துக்கொண்டு, பெயர்ப்பலகையை எழுத்தெழுத்தாகப் படிப்பதுபோல நின்றேன். இந்த வயதில் இப்படி ஒரு வேலை! பின்பக்கம் வள்ளி மஞ்சளைக் குழைத்துப் பூசினார், துணியைக் கட்டினார், மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி வேண்டிக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது, கால் கெஞ்சியது. எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றிருந்தது எனக்கு.

“நீங்களும் வீட்டுக்குத்தானேம்மா?” என்று கேட்டேன்.

“வூட்லதான சார் இம்மா நேரம் இருந்தேன்,” என்றார் வள்ளி. “இப்ப பெரும்பாக்கம் போறேன்.”