திருப்பிப் போட்ட மழைக்கோட்டு

அட்ராக்டாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பென்புல்பென் மலையில் தான் ஒருநாளும் வழி தவறியதில்லை என்பதைக் கேட்டவரிடமும் சொல்வாள், கேட்காதவரிடமும் சொல்வாள். எங்கள் ஸ்லைகோ பக்கத்தில், மலையில் திசை குழம்பினால் மழைக்கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்வோம். அப்படிச் செய்தால், மலைக்குள் குடியிருக்கும் மாய மனிதர்கள் போட்ட மயக்கு விட்டுப்போகும் என்பார்கள். நம்பாதவர்களும் போடுவார்கள். அட்ராக்டா மட்டும், "அந்த அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கலை" என்பாள். கேட்கவே எரிச்சலாக இருக்கும்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். மலையில் மேயும் செம்மறி ஆடுகளை விற்றுவிடலாம் என்றான் புருஷன் யூஜின். ஆடு போனால் அவளும் போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து நிலம் என்னுடையது.

"கம்பளி வெட்டுக்கு நானே மேல போய் நம்ம ஆட்டை இறக்குறேன். முடியலைன்னா வித்துக்கோ" என்றாள்.

"இடுப்புல இரும்பை வெச்சுக்கிட்டா?"

"உன் முட்டிக்கு அது எவ்வளவோ தேவலை."

முட்டி வலியால் யூஜின் மலையேறுவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. துணைக்கு நான் போனேன். பழைய பனியாறு சீவிவிட்ட சுண்ணாம்புக்கல் மலை அது. ஓரமெல்லாம் செங்குத்து, உச்சி மட்டும் மேஜை மாதிரி தட்டை. நாங்கள் உச்சிக்குப் போனதும் மூடுபனி இறங்கிவிட்டது. என் கை தானாகக் கோட்டுப் பொத்தானுக்குப் போனது.

"கழட்டினே, இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன் டெக்லன்" என்றாள். "தண்ணி விழற சத்தம் கேக்குதா? அந்தப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம்தான் நம்ம ஆடுங்க ஒதுங்கும்."

அவளுடைய அடையாளமாக முதுகில் நீல மை பூசிய ஆடுகள் அங்கேதான் நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னத்தைச் சொல்ல!

அப்போது விளிம்புப் பக்கமிருந்து, "அட்ராக்டா!" என்று ஒரு குரல். தொண்டை கட்டிப்போன குரல்.

யூஜின் ஒரு கரிமண் மேட்டில் உட்கார்ந்திருந்தான். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் பள்ளத்தில் இருந்திருப்பான். முகம் வெளுத்திருந்தது. கோட்டைத் திருப்பிப் போட்டிருந்தான். உள்துணி நனைந்து தொங்கியது.

"நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துலயே மூடுபனி திரள்றதைப் பார்த்தேன். உன் இடுப்பு..." என்றான்.

ஆயுசுக்கும் வைத்துக் கிண்டலடிக்க அவளுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் அவன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை நேராக்கி, அவனுக்குப் போட்டுவிட்டாள். "என் தோளைப் பிடிச்சுக்கோ" என்றாள். பிறகு அவன் தலைக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தலையாட்டிவிட்டு ஆடுகளைக் கீழே ஓட்டத் தொடங்கினேன்.

கீழே பட்டியில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். ஆட்டு வியாபாரி கோஸ்டெலோவும் வந்திருந்தான்.

"இந்த மூடுபனியில யாரு ஆட்டைக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டான் அவன்.

"யூஜின்தான். நாங்க ரெண்டு பேரும் திக்குத் தெரியாம நின்னோம்" என்றாள் அட்ராக்டா.

"அப்போ நீயே கோட்டைத் திருப்பிப் போட்டியா?"

"போட்டேன்."

பட்டியே சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றாள். யூஜின் மட்டும் சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே வியாபாரியிடம் போனான்.

"விக்கறதுக்கு ஒண்ணும் இல்லை" என்றான். "நல்ல மலையாட்டுக் குட்டி இருந்தா சொல்லு. இவளுக்கு இன்னும் பத்து வேணும்."