மடியில் வைத்த நாவல்

என் நாவலுக்கு முதலில் தொள்ளாயிரம் ரூபாய் விலை போட்டேன். அப்புறம் ஐந்நூறு. அதன் பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நூற்றைம்பது. அது அச்சுக்கூலிக்கே காணாது. ஆனால் அப்போது எனக்கு லாபம் ஒரு பொருட்டே இல்லை. என்னை முன்பின் தெரியாத ஓர் ஆள் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். அது நடந்தால்தான் இரண்டாவது நாவலை அச்சுக்குக் கொடுப்பேன் என்று என் வீட்டுக்காரரிடம் சபதம் போட்டிருந்தேன். இரண்டாவது என்றால் வேறு கதை இல்லை, அதே பெண்ணின் மீதிக் கதை. முழுக்க எழுதி முடித்துப் போனிலேயே தட்டி வைத்திருந்தேன். யாரும் படிக்காவிட்டால் அதை அழித்துவிட்டு, பாலர் பாடசாலையில் ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்துக்கொண்டு பேசாமல் கிடப்பது என்று முடிவு.

“நீ சபதம் போட்டா பொஸ்தகம் தானா வித்துருமாக்கும்?” என்றார் அவர். ஓட்டோ ஓட்டுகிறவர். பின் சீட்டுக்கு மேலே ஒரு பிரதியைத் தொங்கவிட்டுப் பார்த்தார், பாவம். ஏறினவர்கள் அதை விசிறியாக்கிக்கொண்டார்கள்.

வெளியீட்டு விழாவில் விற்கவில்லையா என்று கேட்பீர்கள். விற்றது, நம்ம ஊர் முறைப்படி. கல்யாண வீட்டில் மொய் வைக்கிற மாதிரி ஒவ்வொருவராக மேடைக்கு வந்து கவரை நீட்டுவார்கள், புத்தகத்தை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள், இறங்கிப் போய் வடை சாப்பிடுவார்கள். வாழ்த்திப் பேச வந்த பெரியவர் என் கவிதைகளை மனம் உருகிப் பாராட்டினார். நாவலில் ஒரு கவிதைகூடக் கிடையாது! மேடையில் சிரித்தபடி நின்றேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. கவர் தந்தவர்களிடம் பிறகு கதை எப்படி என்று கேட்டால், அட்டைப்படம் பிரமாதம் என்றார்கள். முகநூலில் போட்டேன். “வாழ்த்துகள் சகோதரி” என்று மாலை மாலையாக வந்து விழுந்தது. கூடவே, “பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க”.

மீதிப் பிரதிகள் கட்டிலுக்கடியில் கிடந்தன. கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு அவற்றில் இடிக்கும், எனக்குக் கோபம் வரும்.

வழி கிடைத்தது பஸ்ஸில். மாத்தளை ஸ்டாண்டில் தம்புள்ளை பஸ் ஆள் நிரம்பும்வரை நிற்கும். அந்த நேரத்தில் பேனா, தைலம், பிள்ளைகளின் படப் புத்தகம் எல்லாம் விற்பவர்கள் ஏறுவார்கள். யாரையும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒன்றை வைத்துக்கொண்டே பின்னுக்குப் போய், சரக்கின் பெருமையைச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவார்கள். வேண்டுமென்றால் காசு, வேண்டாமென்றால் சாமான். ஒருநாள் என் மடியில் ஒரு பேனாப் பெட்டி வந்து விழுந்ததும் எனக்குப் பொறி தட்டியது. அந்த ஆள் திரும்பி வரும்வரை பயணிக்கு வேறு வேலை இல்லை. மடியில் இருப்பது நாவலாக இருந்தால் முதல் பக்கத்தைப் படித்துத்தானே ஆக வேண்டும்?

பக்கத்தில் இருந்த என் நாத்தனாரின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

“அய்யோ! என்ன அண்ணி, பேயா?”

“இல்லடி, வழி கெடச்சிருச்சு!”

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம். பலர் கை பட்டால் அழுக்காகும் என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போட்டேன். நூற்றைம்பது ரூபாய் ஸ்டிக்கரைப் பின்னட்டையில் என் போன் நம்பருக்குக் கீழே ஒட்டினேன். முன்னட்டையில் என் கதாநாயகி, தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து கொழும்புக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போகிறவள், கண் கலங்கி நிற்கும் படம். பார்த்தால் கல்லும் கரையும். மலிவு விலை, அழகான உறை, உருக்கமான முகம், இதற்கு மேல் என்ன வேண்டும்? கைகால் ஓடவில்லை எனக்கு.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினோம். நான் இடது பக்கம், நாத்தனார் வலது பக்கம். மடி மடியாக வைத்துக்கொண்டே போனேன். பேச வாய் எடுத்தால் சத்தமே வரவில்லை. முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிற தொண்டை, அன்றைக்குப் பார்த்துக் கம்மிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, “பாத்து எடுங்க” என்று மட்டும் முனகினேன்.

திரும்பி வந்தேன். முதல் சீட்டு அம்மா புத்தகத்தை நீட்டினார். அதன் மேல் ஒரு இருபது ரூபாய்த் தாள். அடுத்தவர் புத்தகத்தின் மேல் பத்து ரூபாய் நாணயக் குற்றி. அதற்கடுத்தவர் ஐம்பது ரூபாய் வைத்து, என் கையையும் பிடித்து, “புள்ளைக்கு சொகமாயிரும்மா, கவலப்படாதீங்க” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் தூக்கிவாரிப் போட்டது. சிறுநீரக ஒப்பரேசனுக்கு உதவி கேட்டு வருகிறவர்களும் இப்படித்தான் மடியில் வைப்பார்கள்: பிளாஸ்டிக் உறை போட்ட கடிதம், நோயாளியின் வாடிய முகம், கீழே ஒரு போன் நம்பர். ஒருத்தரும் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. என் கதாநாயகியை நோயாளி ஆக்கி, என்னைப் பிச்சைக்காரி ஆக்கி, ஆளுக்கு ஒரு பிரார்த்தனையும் செய்துவிட்டார்கள்.

கீழே இறங்கினதும் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அண்ணி, வெளியீட்டு விழாவ விட நல்ல வசூல்!”

“வாய மூடுடி!” எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அந்தக் காசை ஸ்டாண்டில் கண் தெரியாமல் பாட்டுப் பாடுகிறவரின் டப்பாவில் கொட்டினேன். நின்ற இடத்திலேயே எல்லா உறைகளையும் கிழித்தேன், ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டினேன்.

“என்ன செய்றீங்க? வீட்டுக்குப் போவோம் வாங்க.”

“அடுத்த பஸ்ல ஏறு. இனி வெல ஆயிரம்.”

“நூத்தம்பதுக்கே விக்கல!”

“நூத்தம்பதுன்னதாலதான்டி விக்கல.”

அடுத்த பஸ்ஸில் யார் மடியிலும் வைப்பதற்கு முன்னே நடுவில் நின்று, பாலர் பாடசாலைக் குரலில் கத்தினேன். “எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல! என் புள்ளைகளுக்கும் இல்ல! எல்லாரும் நல்லா இருக்கோம்! இது நான் எழுதுன நாவல். வெல ஆயிரம் ரூவா. யாரும் உதவி செய்யாதீங்க. புடிச்சா வாங்குங்க, இல்லாட்டி திருப்பித் தாங்க!” சிங்களத்திலும் ஒருமுறை சொன்னேன். தூங்கினவர்கள் முழித்துக்கொண்டார்கள்.

மடியில் வைத்தோம். இந்த முறை தாள் புரளும் சத்தம் கேட்டது. ஆகா, அந்தச் சத்தம்! திரும்பி வரும்போது எல்லோரும் புத்தகத்தைத் தந்தார்கள், காசு வைக்காமல், மரியாதையாக. ஒருவர் மட்டும் தரவில்லை. தொப்பி போட்ட முஸ்லிம் வியாபாரி, காலடியில் வெறும் சாக்குக் கட்டு. வழியில் நாலந்தாப் பக்கம் மிளகு எடுக்கப் போகிறார் போலும்.

“ஆயிரம் அநியாயம் தங்கச்சி. எழுநூறுக்குத் தாங்க.”

எனக்குப் புல்லரித்தது. பேரம் பேசுகிறார்! பிச்சைக்கு யாராவது பேரம் பேசுவார்களா?

“கொறைக்க மாட்டேன் நானா,” என்றேன், அண்ணன் முறை வைத்து. “நீங்க மொளகு வெலய கொறைப்பீங்களா?”

“மொளகு கடிச்சுப் பார்த்தா காரம் தெரியும். இதுல என்னா ஈக்குதுன்னு எப்பிடித் தெரியும்?”

“மொதப் பக்கத்தக் கடிச்சுப் பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். பஸ் புறப்பட்டுவிட்டது. கண்டக்டர் எங்களைப் பார்த்து ஏச, நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து இழுக்க, நான் அசையவில்லை. அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். மூன்றாம் பக்கம். பலாபத்வல வருவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்திருக்கும். தலையை நிமிர்த்தாமலே சட்டைப்பையில் கைவிட்டு ஓர் ஆயிரம் ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். இறங்கினதும் ரோட்டோரத்தில் நாத்தனாரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

ஆனால் வாங்கியது பாதிதானே. படிக்க வேண்டுமே. அந்த வாரம் முழுக்கப் போன் அடித்தாலே பாய்ந்து எடுத்தேன். எல்லாம் போன் கம்பெனிக்காரர்களின் ரீலோட் விளம்பரம். கடைசிப் பக்கத்தை நினைத்தும் பயம் வந்தது. அங்கே அவள் கொழும்பிலிருந்து ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏறுகிறாள், அதோடு கதை முடிகிறது. வாசகர் யோசிக்கட்டும் என்று பெரிய எழுத்தாளர் மாதிரி விட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்காரர் சோறு தின்றுகொண்டிருக்கும்போது போன் வந்தது. எடுத்ததும் ஒரே சத்தம்.

“என்னா தங்கச்சி இப்பிடி ஏமாத்திட்டீங்க! பக்கம் கொறையுது!”

அவர்தான். மிளகு வியாபாரி. “எந்தப் பக்கம் நானா?”

“கடைசிப் பக்கம்! புள்ள பஸ்ஸுல ஏறுறா. அதோட அட்டை. எறங்குனாளா? உம்மா வாப்பா வூட்டுல சேத்தாங்களா? எண்ணிப் பார்த்துட்டேன், எங்கயும் கிழியல. பைண்ட் பண்றவன்தான் தாள விட்டுட்டான். ஜும்ஆத் தொழுகைக்குப் போயும் எனக்கு அவ நெனப்புதான். ஆயிரம் ரூவா முழுசா எடுத்தீங்களே, பேரங்கூட பேச வுடல. மிச்சம் எங்க?”

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு எழுந்து என் முகத்தையே பார்த்தார்.

“தாள் கொறையல நானா. மிச்சம் இருக்கு. இன்னும் அச்சடிக்கல.”

“அப்ப அடிங்களேன்! நான் எத்தின நாளைக்கு அந்தப் புள்ளய பஸ்ஸுலயே வச்சிக்கிட்டு ஈக்கிறது?”